அண்ணா, காரை அனுப்பமாட்டேன்

அண்ணா,

நீங்கள் அனுப்பிய வொய்ஸை மாமி எனக்குப் போட்டுக் காட்டினார். அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்து அவர் கனடா திரும்பும்போது அந்த றிமோட் காரைப் பெட்டிக்குள் வைத்துவிடட்டாம், உங்கள் மகன் கேட்கிறானாம். என்னிடம் நேரே கேட்டிருக்கலாம். சரி, அது இருக்கட்டும். கார் வராது. அதற்கான காரணத்தை உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் நடந்ததும் எல்லோருக்கும் முன்னால்தான்.

போன மாதம்தான் அதைப் பரணிலிருந்து இறக்கினேன். சித்தப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்த அதே பெட்டி, மேலே உங்கள் கையெழுத்தில் “கியர் போச்சு”. பழைய பற்றரி உப்புப் பூத்துச் செத்திருந்தது, கொழும்பிலிருந்து 7.2 வோல்ட் புதுசு ஒன்று எடுப்பித்தேன். பின்பக்கத்தைச் செங்கல்லில் ஏற்றிவைத்து மோட்டருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தேன். கியர் பல் உடைந்திருந்தால் கடகடவென்று அடிக்கும், அல்லது பல்லில் பிடிக்காமல் கீச்சிட்டு ஓடும். இது ஒரே சீராக இரைந்தது. அப்போதே எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது, இருந்தாலும் கியர் பொக்ஸைத் திறந்து பார்த்தேன். ஒரு பல்லும் போகவில்லை அண்ணா. நீங்கள் பூசிய கிரீஸ்கூட அப்படியே மஞ்சளாக இருந்தது.

பிறகு திரும்பவும் பூட்டி ஓடவிட்டு வலது பின் சில்லை விரலால் பிடித்தேன். சில்லு நின்றுவிட்டது. ஆனால் அதன் நடுவில் இருக்கிற நட் சுற்றிக்கொண்டே இருந்தது.

அச்சில் குறுக்கே ஒரு துளை இருக்கிறதல்லவா, அதற்குள் 2 மில்லிமீற்றர் தடிப்பில் பின் ஒன்று, ஊசி மாதிரிக் கம்பித் துண்டு, போகும், அதன் இரண்டு முனையும் சில்லுக்கு உட்பக்கம் இருக்கிற அறுகோணத் துண்டின் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் அச்சுச் சுற்றும்போது சில்லும் சுற்றும். அந்தப் பின் இல்லை. பின்சில்லு மட்டும் இழுக்கிற கார் அது. ஒரு பக்கம் பிடி இல்லையென்றால் இரண்டு பக்கத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிபரன்ஷியல் முழுச் சுழற்சியையும் அந்தப் பக்கத்துக்கே கொடுத்துவிடும், மற்றச் சில்லு சும்மா நிற்கும். கிளிநொச்சி வயலில் உழவு மெஷினின் ஒரு சில்லு சேற்றில் புதைந்து சுழலச் சுழல மற்றது அசையாமல் நின்றதை நாங்கள் இரண்டு பேரும் வரம்பில் இருந்து பார்த்திருக்கிறோம். அதே கதைதான்.

அந்தப் பின்னைத் தொலைத்தது நான்.

2011 ஆவணி, எனக்குப் பதின்மூன்று வயது. நீங்கள் ரியூசனுக்குப் போயிருந்தீர்கள். கிணற்றடியில் காரை வைத்து அப்பாவின் குறட்டால் அந்த 7 மில்லிமீற்றர் நட்டைக் கழற்றினேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை. சில்லு கையோடு வந்தது, கூடவே முறிந்த ஊசித் துண்டு போல ஒன்று விழுந்தது. செம்மண்ணில் அரை மணித்தியாலம் விரலால் கிளறினேன். கிடைக்கவில்லை. சில்லைத் திரும்பப் போட்டு நட்டை என்னால் முடிந்த மட்டும் இறுக்கினேன். பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பின்னேரம் நீங்கள் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு உரும்பிராயிலிருந்து முற்றவெளிவரை மிதித்தீர்கள், பெட்டி என் மடியில். அங்கே பெடியங்கள் நிறையப் பேர். நட் இறுக்கத்தில் கார் ஒரு பத்தடி ஓடியது, பிறகு மோட்டர் கத்தியது, கார் நின்றது. நீங்கள் காரைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. முதல்நாள் அதை இரவல் வாங்கி ஓட்டியவரைத் திரும்பிப் பார்த்து “கியரைத் திண்டுபோட்டாய், கையில இதுகளைப் பிடிச்சுப் பழக்கமில்லாட்டி ஏன் வாங்குறாய்” என்றீர்கள். அதற்குப் பிறகு சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அவருடைய வீட்டுக்காரரும் இதை வாசிப்பார்கள். அவர் “நான் ஒண்டும் செய்யேல்லை மச்சான்” என்று ஒரு தரம்தான் சொன்னார். பிறகு சைக்கிளை எடுத்தார். ஏறி ஓடவில்லை, கோட்டைப் பக்கமாக அதை உருட்டிக்கொண்டே போனார், அந்தப் பெரிய வெளி முழுக்க. செயின் கவரில் ஏதோ தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் றிமோட் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சின்னத் துண்டால்தான் கார் நின்றது என்று எனக்கு அப்போது தெரியாது, அது சத்தியம். ஆனால் ஏதோ ஒன்று விழுந்தது தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும், காரைத் தொட்டதற்கே ஒருதரம் அடி வாங்கியிருக்கிறேன். “எடியே, உனக்கென்ன தெரியும், அங்கால போ” என்பதைத் தவிர அந்தக் காரைப் பற்றி நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. ஒருதரம் சில்லைக் கழற்றிக் காட்டியிருந்தால் நான் கிணற்றடிக்குக் களவாகக் கொண்டுபோயிருக்கமாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. உங்களிடம் மட்டுமில்லை, அவரிடமும் கேட்டுவிட்டேன், போன ஞாயிறு வீட்டுக்கே போய்.

இன்னொன்றும் இருக்கிறது. கார் கல்லில் விழுந்தால் தவளை மாதிரித் துள்ளுகிறது, அதுவும் அவர் இடித்ததால்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே. அதிர்வு தாங்குகிற ஷொக்கைக் கழற்றி, சில்லைத் தாங்குகிற ஆம்ஸைத் தூக்கிவிட்டேன், தன் பாரத்தில் தொப்பென்று விழுந்தது, அதில் இறுக்கமே இல்லை. இறுகியிருந்தது ஷொக்கின் தண்டு. திறந்தபோது வந்த மணம் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய். நீங்கள் ஊற்றினீர்கள். அதற்குள் ஊற்ற வேண்டியது சிலிக்கன் எண்ணெய், மற்றது பட்டால் றப்பர் வளையம் ஊதிப்போய்த் தண்டைப் பிடிக்கும். நாலு வளையமும் மாற்றி 350 தடிப்புச் சிலிக்கன் எண்ணெய் ஊற்றி, தண்டை மெதுவாக மேலும் கீழும் இழுத்து, குமிழி எல்லாம் மேலே வரும்வரை அம்மாவின் குசினி மேசையில் நிறுத்திவைத்தேன். இப்போது ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டாலும் துள்ளாமல் அமர்கிறது.

தொலைந்த பின்னுக்குப் பதில் அப்பாவின் சைக்கிள் சில்லுக் கம்பி. அதுவும் 2 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, முனைகளை அவருடைய அரத்தால் ராவிப் போட்டேன், கச்சிதமாக இருந்தது. தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்தபோது அதே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர் அப்பா. கடைசி மாதங்களில் அவருக்கு நடக்க முடியாமல் போனபோதும் முற்றத்தில் நிற்கிற அந்தச் சைக்கிளைத் துடைக்கச் சொல்லுவார். நீங்கள் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, பேப்பர் விஷயம் எனக்கு விளங்குகிறது, அதை இங்கே எழுதவும் கூடாது. ஆனால் பாடையின் முன்பக்கத்தில் உங்கள் இடத்தில் தோள் கொடுத்தது யார் என்று மாமியிடம் கேளுங்கள். முற்றவெளியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்.

கார் அவருடைய மகளுக்குப் போகிறது. எட்டு வயது. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற பிள்ளை.

ஆனால் ஓடாது. றிமோட்டில் கிறிஸ்டல் இல்லை, அந்தச் சின்னத் துண்டு இல்லாமல் காருக்குச் சிக்னல் போகாது. அன்று இரவு வேறு யாரும் ஓட்டக்கூடாதென்று அந்த 27 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலைக் கழற்றிப் பேர்சுக்குள் வைத்தீர்கள், நான் கதவிடுக்கால் பார்த்தேன். கிறிஸ்டல் தேவைப்படாத புது 2.4 கிகாஹேர்ட்ஸ் றிமோட் செட் வாங்கிப் போடலாம், வாங்க என்னிடம் காசும் இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் ஒன்றையும் எறிகிற ஆள் இல்லை என்று தெரியும். மாமி அடுத்த தையில் திரும்பவும் வருவாராம். அவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு கடதாசியில் அப்பாவுக்குத் தோள் கொடுத்தவருடைய பெயரை நீங்களே எழுதி, அதற்குள் சுற்றி.

தங்கச்சி