தோர்தோஞ் ஆற்றோரத்தைப் பற்றி மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி. வர முடியாமல் போன குறை மனதில் இருக்கத்தான் செய்கிறது. மாப்பிள்ளை முகத்தில் ஒரு சாந்தம் தெரிகிறது. பந்தியில் நீ நின்று பரிமாறுகிற போட்டோவை இவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முழங்கால் வலியோடு எப்படித்தான் நின்றாயோ! ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் உட்காரேன்.

இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. சின்னவன் வேலை கிடைத்து லியோன் போய்விட்டான், வீடு காலியாகக் கிடக்கிறது. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது. வாரக் கடைசியில் விடாமல் சைக்கிள் மிதிப்பதுதான் காரணம் என்பது என் கட்சி. அப்புறம் நீ கேட்டதற்கு வருகிறேன். "கோட்டை கோட்டையாகப் போகிறீர்களாமே, அதுவும் சைக்கிளில், லாரிக்காரன் விடுவானா?" என்று எழுதியிருந்தாய். வரலாற்று டீச்சர் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

நாங்கள் செப்டம்பர் கடைசியில் போனது தோர்தோஞ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பிரான்சின் நடுவில் இருக்கும் பழைய எரிமலைத் தொடரில் பிறந்து, ஏறக்குறைய 480 கிலோமீட்டர் மேற்கே ஓடி, எங்கள் போர்தோவுக்குக் கொஞ்சம் வடக்கே கரோன் ஆற்றோடு சேர்கிற ஆறு. கோட்டைகள் என்றால் எல்லோரும் லுவார் ஆற்றைத்தான் சொல்வார்கள். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை ராஜாக்களும் பிரபுக்களும் சுகமாக இருக்கக் கட்டிய மாளிகைகள். தோர்தோஞ் கரையில் இருப்பவை சண்டைக்குக் கட்டியவை. எனக்கு இவைதான் பிடித்திருக்கின்றன.

போர்தோவில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரத்துக்குள் சார்லா என்ற ஊரில் இறக்கிவிடும். அதுதான் கடைசி நிலையம். ஒரு காலத்தில் தண்டவாளம் அங்கிருந்து கிழக்கேயும் போனது. அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, அதே மேட்டின் மேல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் பாதை போட்டிருக்கிறார்கள். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. ரயிலுக்குச் செங்குத்தாக ஏற முடியாதல்லவா, அதனால் பாதை முழுக்க ஏற்றம் இருப்பதே தெரியாது. பழைய ரயில் பாலத்தில் ஆற்றைக் கடக்கும்போது கீழே தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிகிறது. முதல் நாள் அதில் போய்ப் பழகிக்கொண்டோம்.

மறுநாள் மேற்கே, கோட்டைகள் இருக்கும் பக்கம். லாரி பயம் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இங்கேதான். ஆற்றின் வடகரையில் பெரிய சாலை போகிறது. கார், லாரி, சுற்றுலா பஸ் எல்லாம் அதில்தான். தென்கரையில் குறுகலான ஊர்ச்சாலைகள் இருக்கின்றன. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று புல்லில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். அதில் அவசரக்காரன் எவனும் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு கார்களும் வளைவு முடியும் வரை நம் பின்னாலேயே மெதுவாக வரும், ஹாரன் அடிக்காது. சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது இங்கே சட்டம். எல்லோரும் மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், போர்தோவுக்குள் நானே எத்தனையோ தடவை நடுங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தென்கரைச் சாலையில் தோளைத் தளர்த்திவிட்டு ஓட்டலாம்.

சாலையின் இரண்டு பக்கமும் வால்நட் தோப்பு. இந்தச் சீமையின் பழைய பெயர் பெரிகோர். பெரிகோர் வால்நட் என்று கடையில் தனியாகப் பெயர் போட்டு விற்பார்கள், அது இந்த மண்ணில் விளைவதுதான். நாங்கள் போன நேரம் காய் உதிரத் தொடங்கியிருந்தது. மேல்தோல் கறுத்து வெடித்த காய்கள் சாலை ஓரமெல்லாம் கிடக்கின்றன, டயரில் பட்டால் பட்டென்று நொறுங்குகின்றன. ஒரு தோப்பில் வயதான அம்மா ஒருவர் குனியாமல் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நீளமான கம்பு, அதன் முனையில் உருண்டையான கம்பிக் கூண்டு. அதைப் புல்லின் மேல் உருட்டினால் காய்கள் கம்பிகளுக்கு இடையில் நுழைந்து உள்ளே சேர்ந்துவிடுகின்றன. தோலில் இருக்கும் கறை கையில் பட்டால் வாரக்கணக்கில் போகாது என்று தன் விரல்களைக் காட்டினார். மருதாணி மாதிரி இல்லை, நல்ல கறுப்பு.

அந்தச் சாலையில் போய்க்கொண்டே இருந்தால் காஸ்தெல்நோ கோட்டை தலைக்கு மேல் வந்து நிற்கும். அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில், ஆற்றிலிருந்து 150 மீட்டர் உயரத்துப் பாறை உச்சியில், பெய்னாக் கோட்டை. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரிகிறது. அக்கித்தேன் என்ற இந்தத் தென்மேற்குச் சீமைக்கு வாரிசான எலினோரின் கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1152-இல் அவள் ஹென்றியை மணந்துகொண்டாள், இரண்டு வருஷத்தில் அவன் இங்கிலாந்துக்கு ராஜாவானான், அக்கித்தேன் சீமை முழுக்க ஆங்கிலேய அரச குடும்பத்தின் கைக்குப் போனது. பிற்பாடு 1337-இல் நூறாண்டுப் போர் தொடங்கியபோது இந்த ஆறு ஏறக்குறைய எல்லைக்கோடாகிவிட்டது. காஸ்தெல்நோ ஆங்கிலேயர் பக்கம், பெய்னாக் பெரும்பாலும் பிரெஞ்சு ராஜா பக்கம். காஸ்தெல்நோ பல தடவை கை மாறி, 1442-இல்தான் முடிவாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. போரின் கடைசிச் சண்டையும் இதே ஆற்றின் கரையில்தான், கீழே காஸ்தியோன் என்ற ஊரில், 1453 ஜூலையில். புத்தகத்தில் படிக்கும்போது இரண்டு ராஜ்யங்கள் மோதியதாகத் தோன்றும். அங்கே நின்று பார்த்தால், காலையில் எழுந்ததும் எதிர்வீட்டுப் புகையைப் பார்க்கிற தூரத்தில் இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டது தெரிகிறது. எனக்கு அது மனதைப் பிசைந்தது.

காஸ்தெல்நோவுக்குள் இப்போது போர்க்கருவிகளுக்கான அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். மதில்மேல் கல்லெறியும் பொறிகளை முழு அளவில் மரத்தில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். நீளமான ஒரு மரக்கை, அதன் குட்டையான முனையில் பாரம் நிரப்பிய பெட்டி, நீண்ட முனையில் கயிற்றுக் கவண். பாரம் விழுகிற வேகத்தில் கல் பறக்கும், அவ்வளவுதான் சூத்திரம். உன் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்தியிருந்தால் ஒருவனும் மறந்திருக்க மாட்டான்.

ஆனால் மல்லிகா, சைக்கிளில் போனதால்தான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. இவ்வளவு கோட்டை இங்கே எதற்கு? காரில் போனபோது, மேட்டில் கட்டினால் பாதுகாப்பு என்று மட்டும் நினைத்தேன். ஆற்றோடு ஆறாக மெதுவாகப் போகும்போது, எல்லாக் கோட்டையும் தண்ணீரைப் பார்த்துத்தான் நிற்கிறது என்பது தெரிகிறது. ஏனென்றால் அந்தக் காலத்தில் சாலையே ஆறுதான். மேல்மலையிலிருந்து ஓக் மரப் பலகை போர்தோ பக்கத்து மதுப் பீப்பாய்களுக்காக இறங்கும், திராட்சைக் கொடிக்குக் கழி இறங்கும். கீழேயிருந்து உப்பு மேலே ஏறும். கபார் என்ற தட்டை அடிப் படகுகள். மலைப்பக்கத்துப் படகுகளால் திரும்பி ஏற முடியாது. அதனால் சரக்கை இறக்கிய கையோடு படகையும் பிரித்து விறகாகவோ பலகையாகவோ விற்றுவிட்டு, படகுக்காரர்கள் நடந்தே ஊர் திரும்புவார்களாம்! லா ரோக் கஜாக் என்ற ஊரில், செங்குத்தான பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை வரிசை வீடுகளுக்கு முன்னால், அந்த வடிவத்தில் செய்த படகுகளில் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்கள். 1957-இல் அந்தப் பாறையில் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்ச்சேதமே ஆகியிருக்கிறது. தெற்கு பார்த்த பாறை என்பதால் சூடு தங்கி, அடியில் வாழையும் பனையும் வளர்கின்றன. வாழை மரத்தைப் பார்த்ததும் இவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்தது, படகுத் தொழில் படுத்துவிட்டது. அப்புறம் கார் வந்தது, ரயிலில் பாதியை மூடிவிட்டார்கள். இன்றைக்கு நானும் இவரும் பேசிக்கொண்டே ஓட்டுகிற அந்த அமைதி இயற்கையாக வந்ததில்லை. ஒவ்வொரு தொழிலாக விட்டுவிட்டுப் போனபின் மிஞ்சியது. அதைக் காப்பாற்றவும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. பெய்னாக் ஊருக்குள் பெரிய சாலை மிகவும் குறுகல், கோடையில் வண்டிகள் முட்டி நிற்கும். அதனால் ஊரைச் சுற்றி 3.2 கிலோமீட்டருக்குப் புறவழிச்சாலை போட முடிவெடுத்தார்கள். ஆற்றை இரண்டு தடவை கடந்து, நான் சொன்ன தென்கரை வழியாக. வேலையும் தொடங்கி, தண்ணீருக்குள் தூண்களும் எழும்பிவிட்டன. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. 2019-இல் போர்தோ நிர்வாக நீதிமன்றம், கட்டியதை இடித்து ஆற்றைப் பழையபடி ஆக்கு என்றே தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அந்தத் தூண்கள் எதையும் தாங்காமல் ஆற்றுக்குள் நின்றன. பெய்னாக்கில் ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை என்று சொல்கிறவர்களின் கஷ்டம் பொய்யில்லை. அவர்களுக்கு வேறு வழி செய்துதான் ஆக வேண்டும். இருந்தாலும் தீர்ப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆறும் இரண்டு கரையும் சேர்ந்ததுதான் அந்த இடம், ஒரு கரையின் நெரிசலைத் தூக்கி மறு கரையில் போட்டால் தீர்ந்துவிடுமா?

தென்கரையிலேயே இன்னும் கொஞ்சம் போனால் லே மிலாந்த். 1489-இல் கட்டிய மாளிகை. ஜோசஃபின் பேக்கர் 1947-இல் அதை வாங்கி, பல நாடுகளிலிருந்தும் தத்தெடுத்த 12 பிள்ளைகளை அங்கே வளர்த்தார். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணாகப் பிறந்து, பாரிஸில் ஆடிப் புகழ் பெற்று, உலகப் போரில் பிரான்சுக்காக உளவு வேலை பார்த்தவர். கடன் ஏறி மாளிகை ஏலத்தில் போனது. 1969-இல் வெளியேற்றப்பட்டபோது சமையலறை வாசற்படியில், தலையில் தொப்பியும் மடியில் போர்வையுமாக உட்கார்ந்திருக்கும் அவருடைய புகைப்படம் ஒன்று உண்டு. மாளிகைக்குள் அவருடைய எத்தனையோ பட்டாடைகளை மாட்டிவைத்திருக்கிறார்கள், அதையெல்லாம் விட்டுவிட்டு நான் அந்தப் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். 2021 நவம்பரில் பாரிஸில் நாட்டின் பெரியவர்களுக்கான நினைவிடமான பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். வீட்டை விட்டு அனுப்பிய நாடு 52 வருஷம் கழித்துச் செய்த மரியாதை. அதையாவது செய்தார்களே.

தோம் ஊருக்கும் ஏறினோம். மலைமேல் 1281-இல் அமைத்த மதில் ஊர். ஏற்றம் கடுமையானது, பாதி வழி இறங்கித் தள்ளினோம். மேலே, சிறையாக இருந்த வாயில் கோபுரத்தில், 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கைதிகளாக இருந்த டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்கள் சுவரில் கீறிய சிலுவைகள் இருக்கின்றன. கீழே ஆறு வளைந்து போவது முழுசாகத் தெரியும்.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த செப்டம்பரில் நீ வரவேண்டும். முழங்காலைச் சொல்லித் தப்பிக்காதே. அங்கே மோட்டார் வைத்த சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. நாம் மிதித்தால்தான் ஓடும், ஆனால் ஏற்றத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கும், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மோட்டார் தானாக நின்றுவிடும். உன்னைவிட மோசமான முழங்கால்காரர்கள் ஓட்டுகிறார்கள். தோம் ஏற்றம் மட்டும் வேண்டாம், அதற்கு டாக்ஸி பிடிப்போம். ஜூலை, ஆகஸ்டில் வராதே, கூட்டம் தாங்காது.

விசாவுக்கு நான் நகராட்சி அலுவலகத்தில் தங்குமிடச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். கட்டண முத்திரை ஒட்டி, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ காட்டினால் கொடுப்பார்கள், சில வாரம் ஆகும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி உன் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், வரும் தேதி, போகும் தேதி எல்லாம் எழுதி அனுப்பு. பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். சின்னவளும் வருவதாக இருந்தால் அதையும் சொல், மூன்று சைக்கிளுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
கலா