குறுவை பூத்திருக்கிறது, சேது

திருவையாறு,
ஆவணிக் கடைசி.

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கும் பார்வதிக்கும் நிம்மதி. ஆனால் கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்தது மனதை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் ஒன்றுபோலவே கழிகிறது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வீட்டில் தெளிந்த கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே குறுவை நெல் பூத்திருக்கிறது. நீயும் நானும் வரப்பில் நடந்தே பள்ளிக்கூடம் போனவர்கள். ஆனால் நெல்லின் பூவைக் குனிந்து பார்த்த நினைவு உனக்கு இருக்கிறதா? கதிர் வெளியே வராமல் தாளுக்குள் இருக்கும் தொண்டைக்கதிர் தெரியும், பால் பிடிப்பது தெரியும். நடுவில் நடப்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பழைய களத்துமேட்டை ஒட்டிய வயலை இப்போது பக்கத்துத் தெரு அண்ணன் குத்தகைக்குச் செய்கிறார். போன வாரம் அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார். காலை ஒன்பது மணி போல, பனி உலர்ந்து வெயில் ஏறியதும், பச்சை உமியின் இரு பாதிகளும் மெல்ல விலகுகின்றன. உள்ளிருந்து ஆறு மகரந்தப் பைகள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத காம்புகளில், வெளியே வந்து தொங்குகின்றன. வெளிர் மஞ்சள். காற்று லேசாக அசைத்தாலே தூள் உதிர்கிறது. இதழ் கிடையாது. தேனீயை அழைக்க வேண்டிய தேவையும் கிடையாது. ஒரு மணி நேரம் இருக்கும், உமி மறுபடி மூடிக்கொள்கிறது. பைகள் மட்டும் வெளியே வாடிக் கிடக்கின்றன. ஒரு பூ ஒரு முறைதான் திறக்கும். கதிர் நுனியில் தொடங்கி அடிவரை பூத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம்.

ஒரு பூவுக்கு ஒரு நெல், சேது. நாம் பிசைந்து உண்ணும் ஒரு பிடி சோற்றில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. அன்று மதியம் இலையில் சோறு விழுந்ததும் சிறிது நேரம் கை வைக்கத் தோன்றவில்லை. பார்வதி என்னவென்று கேட்டாள், சொன்னேன். மறுநாள் காலை அவளும் வயலுக்கு வந்தாள்.

அழகைப் பார்ப்பதும் நன்றி சொல்வதும் வேறு வேறு என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக வருகிறது. அந்த வழியே போனால் யாராவது ஒரு மனிதர் நிற்கிறார்.

தண்ணீரையே எடுத்துக்கொள். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம் என்று உனக்குத் தெரியும். 1934-இல் கட்டி முடித்த அணை. அங்கே திறக்கும் தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, பிறகுதான் நம் ஆற்றில் இறங்குகிறது. புதுத் தண்ணீர் வரும்போது புஷ்ய மண்டபப் படித்துறையில் போய் நிற்பேன். சருகும் நுரையுமாக மணல் பள்ளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு அது நடந்து வருகிற வேகத்தில்தான் வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். மடையான் கொக்குகள் பின்னாலேயே வந்து இறங்கும்.

இந்த வருடம் எங்கள் கிளை வாய்க்காலில் தண்ணீர் ஏறிய அன்று, மதகைத் திறக்கும் லஸ்கரைத் தேடிப்போய், "கடைசி வயலான கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது, நல்லது செய்தீர்கள்" என்று சொன்னேன். மனிதர் கையில் சாவியோடு அப்படியே நின்றுவிட்டார். "வரவில்லை என்று சொல்லத்தான் எல்லோரும் வருவார்கள், ஐயா" என்றார். எத்தனை வருடங்களாக இரவிலும் மழையிலும் மதகு மதகாகப் போகிறவர்!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றி மனதுக்குள் இருந்தால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நடவு நட்ட பெண்கள் நாள் முழுவதும் இடுப்பு நிமிராமல் சேற்றில் நிற்கிறார்கள். அவர்கள் கூலியில் பத்து ரூபாய் பேரம் பேசிவிட்டு, சோற்றைக் கும்பிட்டு உண்பதில் என்ன இருக்கிறது? அண்ணனிடமும் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் நெல்லுக்கு விலை வந்தால்தானே என்று கேட்டார். அதுவும் நியாயம்தான்.

இனி மும்பையில் நீ இருக்கும் செம்பூரைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்கிறாய். காலையில் நீ குழாயைத் திறக்கிறாயே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மும்பைக்கு ஏழு ஏரிகளின் தண்ணீர் வருகிறது. ஏறக்குறைய பாதி தாணே மாவட்டத்து பாட்சாவிலிருந்து. அவற்றில் ஒன்றான தான்சா 1892-லேயே கட்டப்பட்டது. நூறு கிலோமீட்டர் அளவுக்குக் காடும் மலையும் கடந்து உன் ஏழாவது மாடிக்கு ஏறுகிறது. எனக்குக் காவிரி என்றால் உனக்கு அது. அந்த ஏரிகள் நிரம்பி வழியும் மாதங்கள் இவை. மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை தான்சாவுக்கு அழைத்துப்போகச் சொல். மருத்துவர் வெளியே போகலாம் என்றதும் போ, தூசிக்குக் கண்ணாடி போட்டுக்கொள். அதுவரை பால்கனியிலிருந்து பால்காரர், செய்தித்தாள் போடும் பையன், விடியுமுன் தெரு கூட்டுகிறவர்கள் என்று யாராவது ஒருவரைத் தினமும் கவனித்து, எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை பேசு. மராத்தியில் நீ என்னைவிட எவ்வளவோ தேறியவன்.

வீட்டில் பவளமல்லி பூக்கத் தொடங்கிவிட்டது. காலையில் பார்வதி பொறுக்கி எடுக்கும் வரை நான் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். பெரியவளுக்கு ஐப்பசியில் பிரசவம், தஞ்சாவூரில்தான் பார்க்கிறோம்.

தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்கு நீயும் மீனாட்சியும் கட்டாயம் வர வேண்டும். அந்த நாட்களில் ஊரில் தங்க இடம் கிடைக்காது, ஆகவே முன்கூட்டியே எழுது. மாடி அறையைக் காலி செய்து வைக்கிறோம். ரயில் டிக்கெட்டை இப்போதே பார்க்கச் சொல். மீனாட்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை.

அன்புடன்,
உன் கோபாலன்