வீதி விபத்துகளைத் தடுக்க மாவட்டத்துக்கென ஒரு திட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீதியில் ஓர் உயிர் போனதும் சாரதியின் கவனயீனம் என்று சொல்லிக் கோவையை மூடிவிடும் வழக்கம் திருகோணமலை மாவட்டத்தில் இனியும் தொடரக்கூடாது.

வெருகல், மூதூர், கிண்ணியா ஊடாக வரும் மட்டக்களப்பு வீதியை எடுத்துக்கொள்வோம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப் பாதைக்காக (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை) காத்துக்கிடந்த எங்களுக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது. ஆனால் காப்பெட் இடப்பட்ட அந்நெடுஞ்சாலையே பாடசாலை வாசலையும் சந்தையையும் ஒட்டிச் செல்லும் ஊர்வீதியாகவும் இருக்கிறது. வேகம் மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 70 ஆகும்போது மோதலின் ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காகிறது. அதைத் தாங்கும் உடல் எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

அறுவடைக் காலத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் வீதியோரத்தில் நெல் காய்கிறது. இரவில் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்துக்கிடக்கின்றன. களமில்லாத விவசாயியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நெல் உலர்த்தும் தளமும் மேய்ச்சல் தரையும் வீதிப் பாதுகாப்புச் செலவுக் கணக்கிலேயே சேர வேண்டியவை. கடந்த மாரியில் எங்கள் ஒழுங்கை இளைஞர் ஒருவர் மாட்டுடன் மோதித் தொடையெலும்பு முறிந்து பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். வைத்தியசாலை ஏட்டில் அவர் பெயர் உண்டு, பொலிஸ் ஏட்டில் இல்லை.

இவ்விரு ஏடுகளையும் ஒன்றுசேர்த்து, 11 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் பொதுவான விபத்து வரைபடமொன்றை மாவட்டச் செயலகம் தயாரிக்க வேண்டும். பிரதான வீதியானது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், அதனுடன் இணையும் வீதி மாகாணத் திணைக்களத்துக்கும், ஒழுங்கை பிரதேச சபைக்கும் உரியதாக இருக்கையில், இவை சந்திக்கும் சந்திக்குப் பொறுப்பானவர் யார் என்பதை அவ்வரைபடமே கேட்கவைக்கும்.

பாலமோ வீதியோ அமைக்கும் காலத்தில் மக்கள் எவ்வழியாகப் போவார்கள் என்பதும் மாவட்டத்துக்கான வீதிப் பாதுகாப்புத் திட்டத்தில் அடங்க வேண்டும். 2021 நவம்பர் 23 அன்று, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது.

வீதி மரணங்களையும் காயங்களையும் 2030 க்குள் பாதியாகக் குறைப்பது ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட இலக்காகும். அதற்கு எஞ்சியிருக்கும் காலம் மிகக் குறைவு என்பதால், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு தனது அடுத்த கூட்டத்திலேயே இவ்விடயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.