யார் ஆடிய ஆட்டம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஐவர் அணிகள் மோதும் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கணினி விளையாட்டைப் பற்றிய கட்டுரையோடு, எந்த சாம்பியன் (நாம் எடுத்து ஆடும் பாத்திரம்) பலசாலி, எது சோப்ளாங்கி என்று வின் ரேட்டை, அதாவது நூற்றுக்கு எத்தனை ஆட்டம் ஜெயிக்கிறது என்பதை வைத்து ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அசீர் என்ற சாம்பியன் கடைசியில் கிடந்தது. பல வருடமாக அசீர் ஆடுகிறவன் என்பதால் சுருக்கென்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்கள் யார் ஆடிய ஆட்டங்களில் எடுத்தவை என்று ஒரு வரிகூட இல்லையே?

என் தம்பி கேரன் என்ற சாம்பியனை ஆடுவான். எதிரி பக்கத்தில் வந்தால் ஒரு பட்டன். வாளைச் சுழற்றிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். அடிபட்டால் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் உயிர் தானாக ஏறும். முதல் வாரத்திலேயே ஜெயிக்க ஆரம்பித்துவிட்டான். அசீர் அப்படியா? மணல் வீரர்களை முன்கூட்டியே நிறுத்தி, அவர்களைக் கொண்டுதான் அடிக்க வேண்டும். அந்த வீரர்களை நோக்கிச் சறுக்கி, எதிரிகளைத் தாண்டிப் போய், அவர்களை நம் ஆட்கள் பக்கம் மொத்தமாகத் தள்ளிவிடும் வித்தை ஒன்று உண்டு. நான் செய்தால் பாதி நேரம் எதிரிகள் நடுவே தனியாக நின்று சாவேன். தொழில்முறை ஆட்டக்காரர் செய்தால், ஹெட்செட்டில் பேசிக்கொண்டு காத்திருக்கும் மற்ற நால்வர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். சாதாரண ஆட்டங்களில் வின் ரேட் 50 சதவீதத்துக்குக் கீழேயே நெடுநாள் கிடந்த அசீரைப் பெரிய போட்டிகளில் திரும்பத் திரும்ப எடுத்தது இதனால்தான்.

இந்த விளையாட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனமே 2019-ல் ஆட்டக்காரர்களைச் சராசரி, திறமைசாலி, உச்சநிலை, தொழில்முறை என நான்காகப் பிரித்துப் பார்க்கும் முறையை வெளியிட்டது. நான்கில் ஒன்றில் மிஞ்சிப் போனாலும் சாம்பியனின் பலத்தைக் குறைப்பார்கள். பலவீனம் என்று சொல்ல வேண்டுமானால் நான்கிலும் திணற வேண்டும். உங்கள் பட்டியல் எல்லாரையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறிவிட்டது.

அப்புறம், அதிகம் பேர் தொடாத சாம்பியன் சில நேரம் நல்ல வின் ரேட் காட்டும். அதை நம்பி எடுத்தால் தோற்போம். வருடக்கணக்கில் அதை மட்டுமே ஆடும் சிலரின் கைப்பழக்கம்தான் அந்த எண்.

தம்பிக்கும் இப்போது ரேங்க் (ஆட்டத்திறனைக் காட்டும் படிநிலை) ஏறிவிட்டது. எதிரிகள் தள்ளி நின்று சுடுகிறார்கள், அவன் சும்மா சுழன்றுகொண்டிருக்கிறான். கேரன் அதே கேரன்தான்.

அடுத்த முறை பட்டியலோடு ரேங்க்கையும் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் போடுங்கள். அசீருக்கு எந்த இடம் என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வாசகர், திருச்சி