காரணம் சொல்லாத ஒற்றை நட்சத்திரம்

இணையத்தில் பொருள் விற்கும் நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். "வாங்கியவர் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டிருக்கிறார், ஒரு வரிகூட எழுதவில்லை, என்ன செய்வது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் அது விற்பனையாளருக்கு வந்த கருத்தா, பொருளுக்கு வந்த விமர்சனமா என்று பாருங்கள். அமேசானில் இரண்டும் வேறு. விற்பனையாளர் பகுதியில் பொருளைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாலோ, வசைச்சொல் இருந்தாலோ நீக்கக் கோரலாம். வெறும் நட்சத்திரத்துக்கு அந்த வழி பெரும்பாலும் உதவாது.

அப்புறம் அந்த ஆர்டரைத் திறந்து பாருங்கள். டெலிவரி எந்தத் தேதியில் ஆனது, ரிட்டர்ன் கேட்டாரா, என்ன காரணம் குறித்திருக்கிறார், முன்பே ஏதாவது செய்தி அனுப்பி நாம் பதில் சொல்லாமல் விட்டோமா? பல நேரம் விடை அங்கேயே இருக்கும். சேலை, சுடிதார் விற்பவர்களுக்குப் பெரும்பாலும் நிறமும் அளவும்தான் சிக்கல். அப்படியென்றால் படத்தையும் அளவு அட்டவணையையும் உடனே திருத்துங்கள்.

விடை கிடைக்காவிட்டால், தளத்தின் செய்திப் பெட்டி வழியாக "பொருளில் குறை இருந்ததா? சரிசெய்து தருகிறோம்" என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். பார்சலில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள், அது வாங்கியவரைப் பயமுறுத்தும். பணமோ தள்ளுபடியோ தருவதாகச் சொல்லி நட்சத்திரத்தை மாற்றக் கேட்பது விதிமீறல், கணக்கே முடங்கலாம். ஈபேயில் விற்பவர்களும் பதிலடி கொடுக்க நினைக்க வேண்டாம்: வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறைக் கருத்து இடும் வசதியை 2008இலேயே எடுத்துவிட்டார்கள்.

குழப்பமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். வாங்கியவரின் பெயர், முகவரி, எண் மூன்றையும் மறைத்த பிறகே அனுப்பவும்.