பொன்னாடைக்கு உரியவர்களுக்கு

அன்புள்ள சொந்தங்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாட்டுங்காவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, பொறியாளராக மும்பைக்கு வந்து ஓட்டல் நடத்தி அன்னதானம் செய்கிறவர் என்று பாராட்டினார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்தச் சோற்றில் யார் யார் கை இருக்கிறது என்பதையும் ஊர் அறிய வேண்டும். பெயர் போடக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் உறவு சொல்லியே எழுதுகிறேன்.

மாஸ்டர் அண்ணே, திருநெல்வேலியிலிருந்து வந்து, மும்பைக்குப் பக்கத்திலிருக்கும் தாணே-பேலாப்பூர் தொழிற்பேட்டையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நீராவி தெரியும், மாவு தெரியாது. அரைபடும் உளுந்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, மிதந்தால்தான் பதம் என்று காட்டினீர்கள். மே மாதம் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கணும், ஜனவரியில் மாவுப் பாத்திரத்தை அடுப்புப் பக்கம் வைக்கணும் என்பதெல்லாம் உங்களிடம் கற்றதுதான். இன்றைக்கும் நம் கடை இட்லியை யாராவது புகழ்ந்தால், அது உங்களுக்குச் சேர வேண்டியது.

கடை இடத்தைக் கொடுத்த சயான் ஆஜிக்கு (மராத்தியில் ஆஜி என்றால் பாட்டி), உங்கள் பேரன் இதைப் படித்து மராத்தியில் சொல்வான். ஈடு இல்லை என்று வங்கியில் கடன் மறுத்துவிட்ட நேரம், முழு டெபாசிட் கேட்காமல் கடைச் சாவியைக் கையில் கொடுத்தீர்கள். வியாபாரம் பிடிக்கட்டும், அப்புறம் வாடகை பேசலாம் என்றீர்கள். மொழியும் ஊரும் வேறான ஒருவனை நம்ப உங்களுக்கு என்ன தோன்றியதோ! அந்த நம்பிக்கைக்குக் கைகூப்புகிறேன்.

தாராவி அக்காமாரே, விடியும் முன்பே இட்லி அவித்து, சைக்கிளில் ஏற்றி, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி இந்த நகரத்துக்கே காலை உணவு தருகிறவர்கள் உங்கள் வீட்டார். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் உங்கள் பிழைப்பும் நின்றது, என் கடையும் மூடியது. பரேலில் டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்த நம் ஊர்க் குடும்பங்கள் ரயில் இல்லாமல் நடைபாதையில் தவித்தன. "அரிசி எங்ககிட்ட இருக்கு, அடுப்பு உன்கிட்ட இருக்கு, பொங்கிப் போடு தம்பி" என்று போன் செய்தது நீங்கள்தான். உங்களுக்கே நாளைக்கு என்ன என்று தெரியாத நேரம் அது. இப்போது நடக்கும் அன்னதானத்துக்கு முதல் படி அரிசி உங்கள் வீட்டு அரிசி.

சிஸ்டர் அம்மா, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். அன்னதானம் என்றால் சாம்பார், பொரியல், பாயசம் என்றிருந்த என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னீர்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவருக்கு வாயெல்லாம் புண்ணாக இருக்கும். மிளகாய் ஆகாது, புளி ஆகாது, சூடும் ஆகாது. பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்த சோறு, ஆற வைத்த கேழ்வரகுக் கூழ், தயிரில் ஊறிய இட்லி, இவைதான் இறங்கும். குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்குத் தருவதை மருத்துவமனை உணவியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும், நாமாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்ததும் நீங்கள். அன்றிலிருந்து நோயாளிக்குத் தனி அடுப்பு, கூட வந்தவருக்குத் தனி அடுப்பு. கூட வந்தவருக்குக் காரசாரமாகவே போடுகிறோம். அலைச்சல் முழுக்க அவர்களுக்குத்தானே, நாக்குக்கு ருசியாக ஒரு வேளையாவது சாப்பிட வேண்டாமா?

என் மனைவிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விட்டபின் வீடு நடந்தது அவள் எடுத்த டியூஷனில். கடையின் முதல் கிரைண்டர் அவள் வளையல்.

சரி, ஒரு வேண்டுகோள். தை பிறந்ததும் பரேல் பக்கமே சின்னதாக ஒரு சமையலறை தொடங்குகிறோம். அடுப்பை ஆஜி பற்ற வைக்கட்டும். மாஸ்டர் அண்ணன் முந்தின நாளே வந்து புதுப் பையன்களுக்கு மாவுப் பதம் காட்டிவிடுங்கள். அக்காமார் எல்லாரும் வாருங்கள், அன்றைக்கு நீங்கள் உட்கார வேண்டும், நான் பரிமாற வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி