ஜித்தாவுக்குப் புறப்படுமுன் ஒரு நன்றி மடல்

அன்பிற்குரியவர்களுக்கு,

வரும் பருவத்தில் சவூதி அரேபிய மகளிர் லீக்கில் ஆடுவதற்காக ஜித்தாவைச் சேர்ந்த கிளப் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறேன். செய்தி வெளியானதிலிருந்து வாழ்த்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் நான் சாதித்துவிட்டதாகவே சொல்கிறார்கள். முன்களத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சலுகை எப்போதும் உண்டு. பின்களத்தில் பந்தைப் பறித்தவர், நடுக்களத்தில் தலைநிமிர்ந்து இடம் பார்த்துக் கொடுத்தவர் எல்லோரும் மறந்துபோக, கடைசியாகக் காலை வைத்தவளின் பெயர் மட்டுமே பலகையில் ஏறும். லெபனானில் ஒரு பெண் 22 வயது வரை கால்பந்தை விடாமல் ஆடியிருக்கிறாள் என்றால், தங்களுக்குக் கடமையே இல்லாத வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட ஒரு கூட்டம் அவளுக்குப் பின்னால் இருந்தே தீரும். என் பின்னால் இருந்தவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லாமல் விமானம் ஏற மனம் வரவில்லை.

முதல் நன்றி, நான் களத்தில் ஒருபோதும் பார்த்திராத சிலருக்கு. 2006 ஏப்ரலில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில், லெபனான் மகளிர் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. எதிரணி அல்ஜீரியா, முடிவு 12-0. அப்போது எனக்கு 3 வயது. அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்குப் பேசுகிறவர்கள் சிரித்துக்கொண்டே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 12 கோல் வாங்கிய அணியின் கோல்கீப்பர் அடுத்த ஆட்டத்துக்குக் கையுறையை மாட்டிக்கொண்டு போவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது, 5 கோல் வாங்கிய நாளிலேயே உடை மாற்றும் அறையைவிட்டு வெளியே வர வெட்கப்பட்ட எங்களுக்குத் தெரியும். பார்வையாளர்களும் பணமும் இல்லாத அந்தக் காலத்தில், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஒத்துவராது என்று ஊரே சொல்வதற்கு வாகாக அந்த ஸ்கோரும் கையில் இருந்தது. இருந்தும் அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. 2019 ஜனவரியில் பஹ்ரைனில் நடந்த மேற்கு ஆசியப் போட்டியில் எங்கள் நாடு மூன்றாம் இடம் பிடித்ததற்கும், 2022-இல் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் தங்கள் பிரிவில் மேற்கு ஆசியக் கோப்பையையே வென்றதற்கும் வழிபோட்டவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலர் இன்று வேறு வேலைகளில் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊரான ஸஹ்லேயில், வீட்டுக்கு அடுத்த தெருவில், மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடும் மினி ஃபுட்பால் மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே பையன்களுக்குப் பயிற்சி அளித்தவர் எனக்கு எட்டு வயதில் இடம் கொடுத்தார். பெற்றோர் ஒருவர் ஆட்சேபித்தபோது, இவளைவிட வேகமாக ஓடுகிற பையன் இருந்தால் கூட்டிவாருங்கள், இவளை உட்கார வைக்கிறேன் என்று சொல்லி அந்தப் பேச்சை அத்துடன் முடித்தார். ஐயா, அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். என்னை இடித்துத் தள்ளியும், பந்தைத் தராமல் அழவைத்தும், பிறகு வேறு தெருப் பையன்கள் கேலி செய்தபோது எனக்காகச் சண்டைக்குப் போயும் வளர்த்த அந்தப் பையன்களுக்கும் நன்றி. ஒருவன் இப்போது சாவோ பாவ்லோவிலும் இன்னொருவன் துபாயிலும் இருக்கிறான். எங்கள் ஊர்ப் பையன்கள் எங்கே போய்ச் சேருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

எனக்கு 13 வயதானபோது பையன்களுடன் ஆடும் காலம் முடிந்துவிட்டது. நான் சேரக்கூடிய பெண்கள் அணி பெய்ரூட்டில்தான் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தாஹ்ர் அல் பைதர் கணவாயை மூடுபனியில் லாரிகளுக்கு நடுவே கடந்தவர்களுக்குத்தான் அந்தத் தூரத்தின் உண்மையான நீளம் தெரியும். ஷ்தவ்ரா பால்பண்ணைகளிலிருந்து லப்னே என்னும் கெட்டித்தயிரும் பாலாடைக்கட்டியும் ஏற்றிக்கொண்டு மாலைகளில் பெய்ரூட் கடைகளுக்குப் போய்வந்த எங்கள் அண்டைவீட்டுக்காரர், அம்மோ என்று நாங்கள் அழைக்கும் பெரியவர், தம் வேனில் என்னை ஏற்றிக்கொண்டார். கடைகளுக்குச் சரக்கு இறக்கி முடித்த பிறகு, என் பயிற்சி முடியும்வரை மைதானத்துக்கு வெளியே காத்திருப்பார். குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும். வேனுக்குள் ஏறினால் மோரும் உப்புநீரும் கலந்த வாடை; வேர்வையில் நனைந்த ஜெர்சியோடு ஏறும் நான் மட்டும் என்ன மணத்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவரைவிட ஒரு படி கூடுதலாக அவருடைய மனைவிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வளர்ந்த பெண்ணை ஒரு ஆண் இரவில் மலைப்பாதையில் அழைத்து வருகிறார் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, அத்தை, நீங்களாகவே முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். பின்னல் ஊசியும் நூலும் மடியில் இருக்க, பெய்ரூட்டில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லாமல், பனிக்காலத்திலும் வந்தீர்கள். காரணத்தை நீங்கள் சொல்லவேயில்லை. எனக்கு விளங்கியபோது 17 வயதாகியிருந்தது. 2021 கோடையில் பெட்ரோல் நிலையங்களின் முன்னால் வண்டிகள் வீதி முழுக்க வரிசைகட்டி நின்ற மாதங்களில், வியாபாரத்துக்கே எரிபொருள் போதாத நிலையிலும், என்னை விட்டுவிட்டுப் போகலாம் என்ற யோசனை உங்கள் இருவரிடமிருந்தும் வந்ததில்லை.

எங்கள் கிளப்பின் பயிற்சியாளர் அக்காவைப் பற்றிச் சுருக்கமாக எழுத முடியாது. ஆனால் அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்பதால், அவர் கற்றுத் தந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் அவரிடம் வந்தபோது வேகத்தை மட்டுமே நம்பியிருந்தேன். பந்து வரும் திசையையும் உன்னையும் ஒரே நேரத்தில் எதிரணிப் பின்கள வீராங்கனையால் பார்க்க முடியாத இடம் ஒன்று உண்டு, அது அவளுடைய பின்தோள், ஓடுவதற்கு முன் அங்கே போய் நில் என்றார். பந்து கிளம்பும் முன் அவள் பக்கமாக இரண்டு குறுநடை, அவள் எடையை அந்தக் காலுக்கு மாற்றியதும் எதிர்ப்பக்கம் பாய்ச்சல். முதல் தொடுகையில் பந்தைக் காலடியில் நிறுத்தாமல், அடுத்த அடி விழ வேண்டிய இடத்துக்குத் தள்ளுவது. கோல் தவறினால் தலையில் கைவைத்து நிற்காமல் உடனே திரும்பி, எதிரணியின் முதல் பாஸை மறிப்பது. மாதக்கணக்கில் இவ்வளவுதான். ஜித்தா கிளப்புக்கு என் காணொளிகளை அனுப்பியபோது அவர்கள் பேசியது இந்த இரண்டு குறுநடையைப் பற்றித்தான், என் வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த உடை மாற்றும் அறைக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் ஆண்கள் கிளப் ஒவ்வொன்றின் பின்னாலும் எந்த மதப்பிரிவு, எந்தக் கட்சி என்பது ஊரறிந்த சங்கதி. எங்கள் அறையில் அந்தக் கணக்கு இல்லை; ஸஹ்லேக்காரியும் மலைநகரமான அலேக்காரியும் தெற்கே சூர் நகரத்துப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மனாகீஷ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். களத்தில் தலைமறைப்பு அணியலாம் என்று 2014-இல் சர்வதேச விதி மாறியிராவிட்டால், எனக்கு அதிக கோல்களை எடுத்துக்கொடுத்த தோழி களத்துக்கே வந்திருக்க மாட்டாள். அவள் வலப்பக்கத்திலிருந்து பந்தை அனுப்பும்போது தலையை உயர்த்திப் பார்ப்பதே இல்லை. நான் எங்கே இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

2019 இலையுதிர் காலத்தில் வங்கிகள் கதவடைத்ததையும், டாலருக்கு 1,507.5 என்று 1997 முதல் நிலையாக இருந்த லெபனான் பவுண்டு 2023 மார்ச்சில் சந்தையில் 1,00,000-ஐத் தாண்டியதையும் நான் இங்கே விளக்கத் தேவையில்லை. ஆசிரியரான என் அப்பாவின் மாதச் சம்பளம் ஒரு ஜோடி பூட்ஸின் விலைக்குக் கீழே போனது என்றால் போதும். அந்தக் காலத்தில் பிரேசிலிலிருந்து என் பெரியம்மா, ஊருக்கு வருகிற யார் பெட்டியிலாவது என் அளவு பூட்ஸைத் திணித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்கு நன்றி. ஒருவர் தம் துணிகளை எடுத்துவிட்டு இடம் பண்ணினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபின், விளக்குமாறும் மண்வாரியுமாக அதன் அருகிலுள்ள ஜெம்மெய்ஸே தெருக்களில் கண்ணாடி அள்ளியதைப் பற்றி எங்கள் அணியினர் பேசுவதில்லை, நானும் பேசவில்லை.

2022 வசந்தத்தில் என் இடது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. யாரும் இடிக்கவில்லை, திரும்பும்போது கால் தரையில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் ‘ஃப்ரெஷ்’ டாலர், அதாவது ரொக்கமாகவோ வெளிநாட்டிலிருந்து புதிதாகவோ வந்த டாலர், கேட்டார்கள்; வங்கியில் சிறைப்பட்ட டாலர் செல்லாது. காப்பீடு எங்களில் யாருக்கும் இல்லை. அணித் தலைவி வீடு வீடாகவும் வெளிநாட்டு உறவினர்களிடமும் திரட்டிய பணத்தில் அறுவை நடந்தது. கொடுத்தவர்களின் பட்டியலை அவள் எனக்குக் காட்ட மறுக்கிறாள். ஆகவே யார் யார் என்று தெரியாமலேயே இந்த வரியை எழுதுகிறேன்: உங்களால்தான் ஓடுகிறேன்.

அதற்குப் பிறகான மாதங்கள் முழுவதும் ஃபிசியோ ஒருவரின் கையில் இருந்தன. அரசு மின்சாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரம் வந்தாலே அதிகம் என்றிருந்த காலம் அது. கருவிகளை இயக்க ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைப் பார்த்து எனக்கு முறை ஒதுக்குவார். நின்றுவிட்டால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையால் செய்யக்கூடியதைச் செய்வோம். முதல் வாரங்களில் வேலை ஒன்றே ஒன்று: சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். தொடைத் தசை அசையவே இல்லை. என் காலுக்கு நான் சொல்வது கேட்கவில்லை. அவர் இரண்டு விரலைத் தசைமேல் வைத்துக்கொண்டு, வந்தது, இப்போது வந்தது என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. தையற்காரரின் நாடாவால் இரண்டு தொடைகளையும் அளந்து சுவரில் பென்சிலால் குறித்து வைத்தார். பிற்பாடு ஒற்றைக்காலில் தாவும் சோதனை வந்தபோது, நல்ல காலின் தூரத்தில் 90 விழுக்காடாவது அடிபட்ட கால் தாவாமல் களத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்றார். நான் அழுதேன், கத்தினேன், ஒருமுறை ஐஸ் பையை அவர்மேல் எறிந்தேன். அவர் அசையவில்லை. அவசரப்பட்டுத் திரும்பிய எத்தனையோ பேருக்கு அதே கால் மறுபடி அறுந்ததை இப்போது பார்க்கிறபோது, அந்தப் பிடிவாதத்தின் அருமை புரிகிறது.

2024 இலையுதிர் காலப் போரில் ஆட்டங்கள் நின்றன. தெற்கிலிருந்து இடம்பெயர்ந்த இரண்டு தோழிகளின் குடும்பங்கள் எங்கள் வீட்டில் தங்கின. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அப்போது அவர்கள் இருந்தார்கள், நாங்கள் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த நவம்பர் 16-ஐ எங்கள் தலைமுறையில் யாரும் மறக்க முடியாது. பெய்ரூட் ஃபுட்பால் அகாதெமி அணியின் தலைவி செலின் ஹைதர், ஷியாஹ் பகுதியில் நடந்த இஸ்ரேலிய வான்தாக்குதலில் தலையில் படுகாயமடைந்து கோமாவில் விழுந்தபோது அவருக்கு 19 வயது. 2022 கோப்பையை வென்ற அணியின் நடுக்கள வீராங்கனை அவர். எதிரணியில் அவர் இருந்தால் பந்து முன்களத்துக்கு வருவதே அரிது என்று எங்கள் பயிற்சியாளர் எச்சரிப்பார். போர்நிறுத்தத்துக்குப் பின் மறுபடி பயிற்சிக்குத் திரும்பலாமா என்று தயங்கி நின்ற எங்களுக்கு, நினைவு திரும்பி மறுபடி பேசவும் நடக்கவும் அவர் போராடிய செய்திகளே பதிலாக இருந்தன. செலின், உங்களுக்கு என் வணக்கம்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதி உண்மையாகவே இருக்கும். மேலே சொன்ன நன்றிகளில் பெரும்பகுதி, தேவையே பட்டிருக்கக் கூடாத நன்றிகள். பெக்கா பள்ளத்தாக்கிலேயே பெண்களுக்கு ஓர் அணி இருந்திருந்தால் ஒரு முதிய தம்பதி பனியில் கணவாய் ஏறியிருக்க வேண்டாம். களத்தில் இறங்குகிறவளுக்குக் காப்பீடு இருந்திருந்தால் ஓர் அணித் தலைவி பிச்சைக்காரியைப்போல் வாசல் வாசலாக நின்றிருக்க வேண்டாம். நல்ல மனிதர்கள் கிடைத்ததால் நான் தப்பினேன். கிடைக்காதவர்கள் என்னைவிடத் திறமைசாலிகள். அவர்கள் 16 வயதில் வீட்டுக்குத் திரும்பிவிட்டதால் யாருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. 2018 ஜனவரியில்தான் பெண்களைக் கால்பந்து மைதானத்துக்குள் பார்வையாளர்களாக அனுமதித்த சவூதி, 2022-இல் தன் மகளிர் பிரீமியர் லீக்கைத் தொடங்கி, இன்று எங்களைச் சம்பளம் கொடுத்து அழைக்கிறது. அந்த லீக்கின் மீது எனக்கும் கேள்விகள் உண்டு. இருந்தாலும் எங்கள் நாட்டுக் கால்பந்துப் பொறுப்பாளர்கள் இந்த ஆண்டுகளின் வரிசையை ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும்.

அம்மா, அப்பா, உங்களுக்கு எழுதுவதை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

ஃபிசியோ ஐயாவுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. என் பாக்கியை நீங்கள் எழுதி வைக்கவில்லை என்று சொன்னீர்கள்; நான் எழுதி வைத்திருக்கிறேன். முதல் சம்பளம் வந்ததும் முழுத் தொகையும் உங்கள் மேசைக்கு வரும், ஃப்ரெஷ் டாலராகவே வரும். தயவுசெய்து திருப்பி அனுப்ப வேண்டாம்.

நன்றியுடன்,
ஸஹ்லேயிலிருந்து உங்கள் 9-ஆம் எண் ஜெர்சிக்காரி